ஒரு வாய் தண்ணீர்

"என் வகுப்புல யாரும் வாயே திறக்க மாட்டேங்கிறாங்க, மேடம்" என்றான் ஜெபின்.

நாகர்கோவிலில், வெளிநாடு போகும் நர்ஸுகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. ஜெபின் சேர்ந்து சில மாதம்தான். வரும் வெள்ளிக்கிழமை நிர்வாகி அவன் வகுப்பில் வந்து உட்காருவார். பிள்ளைகள் பேசினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

புது ஆசிரியர்களைப் பழக்குவது லில்லி புஷ்பத்தின் பொறுப்பு. காலையில் அவன் வகுப்பைக் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தார். வகுப்பு முடிந்ததும் கேன்டீனுக்குக் கூட்டிப்போனார்.

வழியெல்லாம் புலம்பல். படம் காட்டியாயிற்று, பாட்டுப் போட்டாயிற்று, ஆன்லைன் பயிற்சி முடித்துச் சான்றிதழும் வாங்கியாயிற்று. ஷைனி என்றொருத்தி, சேர்ந்த நாளிலிருந்து ஒரு சொல் உதிர்க்கவில்லை.

டீ வந்தது.

"அம்மா எப்படி இருக்காங்க?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான்.

"நல்லாத்தான் இருப்பாங்க" என்றார் அவரே. "புது ரூம் எப்படி?"

"ரூம்..."

"காத்து வராது. கொசு வேற. சரி, பொண்ணு பாக்குறாங்களா?"

அவன் யோசித்தான்.

"பாக்குறாங்க. உனக்குத்தான் பிடிக்கல." டீயை ஆற்றினார். "நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். வாயில என்னப்பா, கொழுக்கட்டையா?"

"நீங்க விட்டாத்தானே மேடம்..."

பாதியில் நின்றுவிட்டான்.

அவர் டீயைக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை நிர்வாகி வந்து உட்கார்ந்தார். ஜெபின் ஷைனியிடம் ஜெர்மனில் கேட்டான்: காய்ச்சல்காரர் மருந்து வேண்டாம் என்கிறார், நீ என்ன சொல்வாய்?

அவள் எழுந்தாள். மின்விசிறி கடகடத்தது.

வழக்கம்போல், பதில் ஜெபினின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

மேசைமேல் இருந்த பாட்டிலை எடுத்தான். ஒரு வாய் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். முழுங்கவில்லை.

நிர்வாகி செருமினார். ஜெபின் கன்னம் உப்பியபடி நின்றான்.

ஷைனி தரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். ஒரு சொல் வந்தது. தப்பு. அவளே திருத்திக்கொண்டாள். இன்னொரு சொல். அப்புறம் முழுசாக, மருந்தைக் குடியுங்கள் என்றாள்.

முடியாது என்றாள் பக்கத்தில் இருந்தவள், ஜெர்மனில், காய்ச்சல்காரர் குரலில். வகுப்பு சிரித்தது.

ஷைனி இடுப்பில் கை வைத்தாள். நோயாளியை அதட்டத் தொடங்கினாள்.

தண்ணீர் இன்னும் ஜெபின் வாயில் இருந்தது.