பதினாலாவது குத்து

அன்னிக்கு சுடலிக்குப் பை ரொம்பக் கனத்துச்சு. உள்ள இருந்தது என்னவோ எப்பவும் உள்ளதுதான். வெள்ளை உடுப்பு, கம்பிவலை வச்ச முகமூடி, நுனியில பொத்தான் வச்ச மெல்லிசு வாள் ரெண்டு. எல்லாத்தையும் திருப்பிக் கொடுக்கத்தான் தூக்கிட்டுப் போறா. அதான் கனம்.

அந்த முகமூடி இருக்கே, அதை மாட்டிக்கிட்டு அவ அம்மா ஒரு நாள் நெத்திலி பொரிச்சா. எண்ணெய் மூஞ்சியில தெறிக்காதாம். கரண்டு மீட்டர் பாக்க வந்தவரு சன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, அட்டையை வாசல்லயே போட்டுட்டுப் போயிட்டாரு. மறுதடவை வேற ஆளு வந்தாரு. சரி, அது கிடக்கட்டும்.

தூத்துக்குடியில வாள்வீச்சு சொல்லிக் கொடுக்குறது ஆக்னஸ் அக்கா. அவளுக்குன்னு தனி இடம் கிடையாது. பூப்பந்து ஆடுற மண்டபத்துல காலையில ரெண்டு மணி நேரம். பூப்பந்துக்காரங்க தினம் சாயங்காலம் தரையில ஒட்டுன டேப்பைப் பிச்சு எறிவாங்க. அக்கா தினம் காலையில குத்தவச்சு ஒட்டுவா. நடுவுல ஒரு கோடு. ரெண்டு மீட்டர் தள்ளி அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணு. ஆடுறவங்க நிக்கிற கோடு அது ரெண்டும்.

சுடலி போனப்ப அக்கா ஒட்டிக்கிட்டுத்தான் இருந்தா.

"எக்கா, இதெல்லாம் வச்சிட்டுப் போறேன்."

"ஏன், உடுப்பு சின்னதாப் போச்சா?"

"விளையாடாதீங்கக்கா. மாநிலப் போட்டியில மூணாவது வருசமும் கால் இறுதியிலேயே போச்சு. அதைத் தாண்டுனாத்தான் புனேயில நடக்குற நேஷனல்ஸ். எனக்கு அது இல்ல."

அக்கா டேப்பைப் பல்லால கடிச்சு அறுத்தா.

"பதினஞ்சு குத்து எடுத்தா ஜெயம். பதினாலுக்கு ஒம்பதுன்னு நின்னேன். ஒரே ஒரு குத்து. அதுக்கப்புறம் அவ வரிசையா ஆறு குத்திட்டா. எப்படிக்கா தோத்தேன்?"

"உடுப்பை மாட்டு. கடைசியா ஒரு தடவை ஆடிட்டுக் குடு."

மாட்டுனா. அக்காவும் தன் உடுப்பை மாட்டிக்கிட்டு இன்னொரு வாளை எடுத்தா. அக்கா வந்த வேகத்துல சுடலி நெஞ்சுல ஒண்ணு விழுந்துச்சு. சுடலி அதே இடத்துல நின்னு நெஞ்சைத் தடவிக்கிட்டிருந்தா. நிமிந்து பாத்தா, அக்கா கோட்டுல நிக்கா.

அடுத்தது சுடலி குத்துனா. சும்மா இல்ல, அக்காவோட வாளைத் தட்டிவிட்டு நேரா வயித்துல. முகமூடியைத் தூக்கிட்டுச் சிரிச்சா. எத்தனை நாள் ஆச்சு அக்காவைத் தொட்டு. சிரிச்சு முடிச்சுப் பாத்தா, அக்கா கோட்டுல நிக்கா.

"ஏட்டி, அங்க என்ன வேலை?"

"குத்திட்டேன்லாக்கா."

"குத்துனவ எங்க போணும்?"

"கோட்டுக்கு."

"வாங்குனவ?"

"அவளும் கோட்டுக்கு."

"அன்னிக்குப் பதினாலாவது குத்தைக் குத்திட்டு நீ எங்க போன?"

"கோட்டுக்குத்தான் போனேன். வேணும்னா வீடியோ பாருங்க."

"நான் உன் காலைக் கேக்கல."

சுடலி வாளோட நுனியையே பாத்துக்கிட்டு நின்னா. அன்னிக்கு அந்தக் குத்து விழுந்ததும் விளக்கு எரிஞ்சுது. கைதட்டுனாங்க. அப்புறம் அவ மனசுல ரயில் வந்துச்சு. மேல் படுக்கையா, கீழ் படுக்கையான்னு யோசிச்சா. அம்மா கட்டித்தர்ற புளியோதரை வாசம்கூட அடிச்சுது. எதிர்ல ஒருத்தி வாளோட நின்னாளே, அவ மூஞ்சி மட்டும் இப்ப ஞாபகத்துக்கு வரல.

"எக்கா."

"சொல்லு."

"புனே ஸ்டேஷன்ல இறங்கிட்டேன்க்கா."

ஆக்னஸ் அக்கா சிரிக்கல. கீழ குனிஞ்சு, சுடலியோட கோட்டுல எந்திரிச்சு நின்ன டேப்பு முனையைக் கட்டைவிரலால அழுத்தி ஒட்டுனா.

"அம்புட்டுத் தூரம் போயிட்டு வந்திருக்க. தண்ணியைக் குடிச்சிட்டு, வந்து நில்லு."