மாசி மாதத்துச் சங்கு

கடல் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்த காலத்தில், புன்னைத்துறை என்ற சிறு நாட்டை வேண்மான் என்ற அரசன் ஆண்டுவந்தான். ஐம்பதைத் தாண்டியவன், மனைவியை இழந்தவன். கேளுங்கள், அவனுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சமிருந்தது.

அவன் மனைவி நல்லினி மீனவர் வீட்டுப் பெண். அரசியான பிறகும் ஒரு குழம்பை மட்டும் அவள் கையாலேயே வைப்பாள். உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பேய்க்கணவாய். எட்டுக் கால், எலும்பே கிடையாது. கல்லுப்புப் போட்டு வழுவழுப்புப் போகத் தேய்ப்பாள். சொட்டுத் தண்ணீர் விடாமல் சிறுதீயில் வைப்பாள். அது தானே விட்ட தண்ணீரில் வெந்து, கால்கள் பூவிதழ் போலச் சுருளும். பிறகுதான் புளி, மிளகு, தேங்காய்ப்பால்.

மாசியில் மட்டும் வைக்கமாட்டாள். ஏன் என்று கேட்டால், “ஒரு மாசம் வாய் அடங்காதா உங்களுக்கு?” என்று சிரிப்பாள். அவனும் அதற்குமேல் கேட்டதில்லை.

அவள் இறந்ததும் ஒரு மாசியில்தான். முதல் திதிக்கு, அவள் வைத்த குழம்பையே அவளுக்குப் படைக்க வேண்டும் என்று ஆணையிட்டான். மீனவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கடலுக்குப் போனார்கள்.

முதல் மாசியில் பானை நிறைய வந்தது. தலைகளுக்குள் சோற்றுப்பருக்கை போல முட்டைகள். இரண்டாம் மாசியில் அரைப் பானை. மூன்றாம் மாசியில் ஒரு கிண்ணம். மூன்று முறையும் படைத்துவிட்டு வாயில் வைத்தான். மூன்று முறையும், “இது இல்லை” என்று எழுந்துபோனான்.

நான்காம் மாசியில் ஒன்றுகூட வரவில்லை. மறுநாள் திதி. படையல் இல்லாவிட்டால் அவள் பசியோடு திரும்பிப் போவாளே! நல்லினியின் தம்பி கடம்பனைக் கூட்டிக்கொண்டு அரசனே படகேறினான்.

கடலடியில் கயிறு கிடந்தது. கயிறு நெடுகப் பழஞ்சங்குகளைக் கட்டியிருந்தார்கள். வீடு தேடி வரும் பேய்க்கணவாய் சங்குக்குள் புகுந்துகொள்ளும். கடம்பன் இழுத்தான். சங்கு வெறுமை. அடுத்ததும் வெறுமை. அதற்கடுத்தது கனத்தது.

அரசன் ஆவலாக விரலை உள்ளே விட்டான். மெலிந்த ஒரு கால் அவன் விரலைச் சுற்றி, வெளியே தள்ளியது.

“ராஜாவே வந்தாலும் வாசலை விடாது போல, மச்சான்!” என்று கடம்பன் சிரித்தான்.

அரசன் சிரிக்கவில்லை. சங்கின் உட்சுவரில் வெள்ளை முட்டைகள் மொட்டுக்கொத்தாகத் தொங்கின. நிறம் வெளுத்து, சதை தளர்ந்து, அந்தப் பேய்க்கணவாய் சங்கில் தேங்கிய தண்ணீரை அவற்றின்மேல் ஊதிக்கொண்டே இருந்தது.

“இது ஏன் ஓடவில்லை?”

“மத்ததுல பாதி கயிறு அசைஞ்சதும் நழுவிடும். முட்டைக்காரி, இடப்போறவளோ இட்டவளோ, போகமாட்டா. இரையும் எடுக்கமாட்டா. குஞ்சுகள் வெளியேறினதும் செத்துப்போவா. மாசியில வர்றதெல்லாம் இவளுகதான்.”

“நல்லினிக்குத் தெரியுமா?”

“மாசியில கயிறு போடாதேன்னு அப்பாகிட்ட மல்லுக்கு நின்னு அடி வாங்கினவளே அக்காதானே.”

“மூன்று வருஷமாக ஏனடா சொல்லவில்லை?”

“கரையில நீங்க அரசர். படகுலதானே மச்சான்!”

அவள் எதை வேண்டாம் என்றாளோ, அதையே அவள் இலையில் வைத்தோமா? அவளுக்காகவா கேட்டேன், என் நாக்குக்காகவா? இதுவும் போனால் இந்தக் கடலில் வேறு இருக்குமா? சங்கு அவன் கையில் கனத்தது. நாளைய திதியும் கனத்தது. வெகுநேரம் கழித்து, சங்கோடு கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அவனே கடலுக்குள் இறக்கினான்.

மறுநாள் இலை போட்டார்கள். சோறு வைத்தார்கள். குழம்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சங்கு ஒன்றை அரசன் வைத்தான். அன்றைக்குத்தான் அவள் எதிரே வந்து உட்கார்ந்தது போலிருந்தது. கொஞ்ச நேரம்தான்.

அதன்பின் மாசியில் யாரும் கயிறு போடவில்லை. சில வருஷங்களில் பேய்க்கணவாய்கள் பெருகின. மற்ற மாதங்களில் குழம்பும் கொதித்தது. அவள் கைப்பக்குவம் மட்டும் வரவே இல்லை. அரசனும் அதைத் தேடி யாரையும் அனுப்பவில்லை.

ஆகவே கேளுங்கள்: போனவர்மேல் உள்ள ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்ள, அவர் காத்துவைத்ததையே அழிக்கிறவன் அவரை இரண்டாம் முறையும் இழக்கிறான்.