முன் வரிசை கேட்ட தாழைக்கோழி

காட்டோரத்து ஏரியில் பறவைக் குஞ்சுகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே கொக்கு டீச்சர் வைத்ததுதான் சட்டம். நீச்சல், இரை பிடித்தல், கோரைக்குள் ஒளிதல், எல்லாப் பாடமும் அவளே எடுப்பாள்.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் பருந்துப் பாடம். வானத்தில் பருந்து தெரிந்தால் டீச்சர் "க்ராக்!" என்று கத்துவாள். குஞ்சுகள் அந்த நொடியே தண்ணீருக்குள் முங்க வேண்டும். முங்காத குஞ்சு பருந்துக்குச் சாப்பாடு. போனால் போகிறது என்று பாஸ் போடுகிற பாடம் இல்லை இது.

குவளை என்கிற தாழைக்கோழிக் குஞ்சுக்குக் காது சரியாகக் கேட்காது. கிட்டே வந்து முகம் பார்த்துப் பேசினால் புரிந்துகொள்வாள். பட்பட்டென்று பதிலும் சொல்வாள். தூரத்துச் சத்தம்தான் எட்டாது. "க்ராக்!" என்றதும் எல்லாக் குஞ்சும் முங்கிவிடும். குவளை மட்டும் கறுப்புப் பஞ்சு உருண்டை மாதிரி மேலேயே மிதந்துகொண்டிருப்பாள்.

அவள் அம்மா தாழைக்கோழிக்கு உடம்பு சின்னது, வாய் பெரியது. கோடையிலேயே அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு சண்டை போட்டிருந்தாள். "என் பொண்ணைக் கடைசி வரிசையில தள்ளி வச்சிருக்கீங்க! முன் வரிசை குடுங்க!"

கொக்கு டீச்சர் கொடுத்துவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று தாழைக்கோழி ஏரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மழை வந்தது. ஏரி நிரம்பியது. பள்ளிக்கூடம் நடு ஏரிக்கு மாறும் நாள் நெருங்கியது. டீச்சர் தாழைக்கோழியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"இங்க பாருங்கம்மா. நடு ஏரியில ஒளிய ஒரு கோரை கூட கிடையாது. உங்க பொண்ணு முங்க மாட்டேங்கிறா. அவ கரையோரக் கோரைக்குட்டையில இருக்கட்டும். அங்க பருந்து வராது."

"பருந்து வராது டீச்சர். வேற யாருமே வர மாட்டாங்களே!"

தாழைக்கோழி சொன்னதிலும் நியாயம் இருந்தது. போன மழைக்குக் காலில் பலம் இல்லாத ஒரு முக்குளிப்பான் குஞ்சை அந்தக் குட்டையில் விட்டார்கள். மழை நின்றதும் கூட்டிக்கொள்கிறோம் என்றார்கள். யாரும் கூட்டிக்கொள்ளவில்லை. அது இன்னும் அங்கேயே தனியாக உட்கார்ந்து தவளைகளோடு பேசிக்கொண்டிருந்தது.

"என் பொண்ணு நடு ஏரிக்குத்தான் போவா!"

"குட்டைக்குத்தான் போவா!"

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நடுவில் தூது போக வந்து சேர்ந்தான் கரிச்சான் குருவி.

கரிச்சானுக்கு எந்தப் பறவையின் குரலும் அப்படியே வரும். உண்மைதான் வராது. சண்டை என்றால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். கூட்டம் மிதித்தால் புல்லிலிருந்து பூச்சி கிளம்பும். பூச்சி கிளம்பினால் கரிச்சானுக்கு விருந்து! அவன் சமாதானத்துக்கு ஏன் உழைக்கப் போகிறான்?

"எனக்குப் பயமா இருக்கு, ஒரு தடவை உட்கார்ந்து பேசணும்னு டீச்சர்கிட்ட சொல்லுப்பா" என்று தாழைக்கோழி சொல்லி அனுப்பினாள்.

கரிச்சான் டீச்சரிடம் போனான். "டீச்சர்! அந்தம்மா உங்களைச் சும்மா விடப் போறதில்லையாம்!"

"யோசிக்கக் கொஞ்சம் டைம் வேணும்னு சொல்லு" என்றாள் டீச்சர்.

கரிச்சான் தாழைக்கோழியிடம் வந்தான். "உனக்கெல்லாம் பதில் சொல்ல அவங்களுக்கு டைம் இல்லையாம்!"

இப்படியே நாள் போனது. ஆனால் கரிச்சான் ஒரு தப்பு செய்தான். அவன் எப்போதும் உட்காருவது ஏரியில் படுத்திருக்கும் எருமையின் முதுகில். யார் குரலில் எதைச் சொன்னால் நன்றாக எரியும் என்று அங்கே உட்கார்ந்துதான் ஒத்திகை பார்ப்பான். எருமைதானே, இதற்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்துவிட்டான்.

எருமைக்கு எல்லாம் புரிந்தது. கொஞ்சம் மெதுவாகப் புரிந்தது. அவ்வளவுதான்.

"என் முதுகுல உட்கார்ந்துக்கிட்டு என் காதுலயே பொய்யா? எந்திரி!" என்று உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பினாள். கரிச்சான் சேற்றில் விழுந்தான்.

எருமை மெல்ல நடந்து கரையோரத் தண்ணீரில் வந்து நின்றாள். "டீச்சரம்மா! குவளையம்மா! அந்தக் கரிச்சான் சொன்னதெல்லாம் பொய். ரெண்டு பேரும் வாங்க. ஆளுக்கொரு கொம்புல உட்காருங்க."

"நீ தீர்ப்பு சொல்லப் போறியா எருமையக்கா?" என்று கேட்டாள் டீச்சர். குரலில் கொஞ்சம் இளக்காரம் இருந்தது.

"எனக்குத் தீர்ப்பெல்லாம் சொல்லத் தெரியாதும்மா. நான் படிச்சவளும் இல்லை, பெரியவளும் இல்லை. என் தோல் தடிமன். நீங்க ரெண்டு பேரும் என்ன கத்தினாலும் எனக்கு உறைக்காது. அதுக்குத்தான் கூப்பிடறேன். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் வாயைத் திறக்கக் கூடாது. பதில் சொல்றதுக்கு முன்னாடி, எதிராளி என்ன சொன்னாங்கன்னு திருப்பிச் சொல்லணும். யாராவது கத்தினா, நான் தலையைத் தண்ணிக்குள்ள விட்டுடுவேன்."

இடது கொம்பில் டீச்சர். வலது கொம்பில் தாழைக்கோழி. கீழே எருமையின் மூச்சில் எழும் குமிழிகளைக் கொத்தி விளையாடிக்கொண்டு குவளை.

"இந்த டீச்சருக்கு மனசாட்சியே..." என்று தாழைக்கோழி ஆரம்பித்தாள்.

"உங்க திமிருக்கு..." என்று டீச்சர் கத்தினாள்.

எருமை தலையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

இருவரும் சொட்டச் சொட்ட மேலே வந்தார்கள். நனைந்த கொக்கைப் பார்த்திருக்கிறீர்களா? பாதி மரியாதை தண்ணீரோடு போய்விடும்.

"இப்ப பேசுங்க" என்றாள் எருமை.

டீச்சர் இறகை உதறிக்கொண்டு மெல்லப் பேசினாள். "போன வருஷம் ஒரு வாத்துக் குஞ்சு. நான் கத்தினேன். அது கொஞ்சம் லேட்டா முங்கிச்சு. பருந்து தூக்கிட்டுப் போறதை நான் என் கண்ணால பார்த்தேன். அதோட அம்மாகிட்ட போய்ச் சொன்னதும் நான்தான். இன்னொரு அம்மாகிட்ட போய் அப்படிச் சொல்ல என்னால முடியாது."

"திருப்பிச் சொல்லு குவளையம்மா" என்றாள் எருமை.

"டீச்சரோட... டீச்சரோட கண்ணு முன்னாடி ஒரு குஞ்சு போச்சு." தாழைக்கோழியின் குரல் இறங்கிவிட்டது. "என்கிட்ட வந்து அப்படிச் சொல்ற நாள் வந்துடுமோன்னு அவங்க பயப்படறாங்க."

"இப்ப உன் பக்கம்."

"குட்டைக்குப் போனா யாரும் திரும்பக் கூட்டிட்டு வர மாட்டாங்க. அந்த முக்குளிப்பானைப் பாருங்க. பருந்து தூக்கினா ஒரு தடவை சாவு. அங்க அது தினமும் தனியா உட்கார்ந்திருக்கு. என் பொண்ணையும் எல்லாரும் மறந்துடுவாங்க டீச்சர்."

டீச்சர் திருப்பிச் சொன்னாள். "குட்டையில விட்டா நாங்க மறந்துடுவோம்னு இவங்க பயப்படறாங்க. மழை நின்னதும் கூட்டிக்கறேன்னு அன்னைக்குச் சொன்னது..." டீச்சர் குட்டைப் பக்கம் பார்த்தாள். "சொன்னது நான்தான்."

எருமை காதை ஒரு முறை ஆட்டினாள். "குவளையம்மா, வீட்டுல பருந்து வந்தா பொண்ணு முங்கறாளா?"

தாழைக்கோழி அங்கும் இங்கும் பார்த்தாள். "முங்குவா."

"எப்படி?" டீச்சர் நிமிர்ந்தாள்.

"நான் வாலைத் தூக்கி ஆட்டுவேன். வாலுக்கு அடியில வெள்ளை தெரியும். அதைப் பார்த்ததும் முங்கிடுவா."

"இத்தனை நாள் இதை என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொன்னா, காதே கேக்கலைன்னு அன்னைக்கே குட்டைக்கு அனுப்பியிருப்பீங்க!"

எருமை தலையைச் சற்றுத் தாழ்த்தினாள். இருவரும் சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

"சரி, நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் டீச்சர். "கடைசி வரிசையில இருந்தப்ப உங்க பொண்ணு முங்கிட்டுத்தான் இருந்தா. கொஞ்சம் லேட்டா, ஆனா முங்கினா. முன்னாடி இருக்கிற குஞ்சுங்க முங்கறதைப் பார்த்து முங்குவா. முன் வரிசைக்கு வந்த பிறகுதான் நின்னுபோச்சு."

"தெரிஞ்சுமா என்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேட்டு வாங்கின வரிசைம்மா. திரும்ப ஒரு சண்டை எதுக்குன்னு விட்டுட்டேன்."

தாழைக்கோழி மகளைக் குனிந்து பார்த்தாள். ஏரி முழுக்கத் தம்பட்டம் அடித்த வெற்றி! அதுதான் மகளுக்குக் குழி பறித்திருக்கிறது.

எருமை மெல்லத் தலையைத் தாழ்த்தி, குவளையை இருவருக்கும் நடுவில் நெற்றியில் ஏற்றிக்கொண்டாள். "இவளைப் பத்தித்தான் இவ்வளவு பேச்சு. இவளை யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை.

டீச்சர் குனிந்து, முகத்துக்கு நேராக முகம் வைத்துக் கேட்டாள். "குவளை, நான் கத்தும்போது உனக்கு என்ன தெரியுது?"

"ஏரி தெரியுது மிஸ்."

"நான்?"

"நீங்க பின்னாடி நிக்கறீங்க மிஸ். நான் முன்னாடி இருக்கேன். எனக்கு ஏரி மட்டும்தான் தெரியும். திரும்பிப் பார்த்தா நீங்க திட்டுவீங்க."

கொக்கு டீச்சர் எப்போதும் வகுப்புக்குப் பின்னால்தான் நிற்பாள். யார் சேட்டை செய்கிறார்கள் என்று பார்க்க அதுதான் வசதி. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது பள்ளிக்கூடத்தின் முதல் விதி. அவளுக்கு டீச்சராக இருந்த கொக்கும் பின்னால்தான் நின்றது. எதற்கு என்று இவள் யோசித்ததே இல்லை.

"அப்ப நான் முன்னாடி வந்து நிக்கணும்" என்றாள் டீச்சர் மெதுவாக. "கத்தும்போது ரெண்டு றெக்கையையும் விரிக்கணும். ஆனா முன்னாடி நின்னா, என் முதுகுப் பக்கமா வர்ற பருந்தை யார் பார்ப்பா?"

"உங்க முதுகுப் பக்கத்து வானத்தை நான் பார்த்துக்கறேன் டீச்சர்" என்றாள் தாழைக்கோழி. "வகுப்புக்குப் பின்னாடி நிக்கறேன். பருந்து தெரிஞ்சா வாலைத் தூக்கறேன். நீங்க றெக்கையை விரிங்க."

"எல்லா நாளும் வருவீங்களா? பாதியில கோவிச்சுக்கிட்டுப் போகக் கூடாது!"

"வருவேன். நீங்களும் என் பொண்ணு முங்கலைன்னா நேரா என்கிட்ட சொல்லணும். கரிச்சான்கிட்ட இல்லை!"

"சொல்றேன். அப்படி முங்கலைன்னா குட்டைன்னு நானா முடிவு பண்ண மாட்டேன். திரும்ப இங்கேயே வந்து உட்கார்ந்து பேசுவோம்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் எருமை. ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம்தான்.

பள்ளிக்கூடம் நடு ஏரிக்குப் போனது. தண்ணீரில் நின்ற பட்டமரத்தில் டீச்சர் குஞ்சுகளைப் பார்த்தபடி நின்றாள். எதிரே, வகுப்புக்குப் பின்னால், தாழைக்கோழி.

ஒரு காலை வேளை. பாடம் நடந்துகொண்டிருந்தது. தாழைக்கோழியின் வால் சட்டென்று உயர்ந்தது. அடியில் இருந்த வெள்ளை பளிச்சென்று தெரிந்தது.

பருந்து டீச்சரின் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. நிஜமா, பொய்யா என்று யோசிக்கவில்லை. "க்ராக்!" என்று கத்தி இரண்டு சிறகையும் அகல விரித்தாள்.

குஞ்சுகள் முங்கின. எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒரு கறுப்புப் பஞ்சு உருண்டை முங்கியது. பருந்தின் நகம் தண்ணீரைக் கீறிக்கொண்டு போனது. வெறும் தண்ணீர்!

தாழைக்கோழி எண்ணத் தொடங்கினாள். ஒவ்வொரு தலையாக மேலே வந்தது. கடைசியில் ஒரு தலை, பாசியைச் சுமந்துகொண்டு.

"மிஸ்! நான் முங்கினேன்ல?"

"முங்கினே. ஆனா லேட்டு! நாளைக்கு இன்னும் சீக்கிரம் முங்கணும். பாசியை எடு, அசிங்கமா இருக்கு!"

தாழைக்கோழிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. மற்றக் குஞ்சுகளைத் திட்டுகிற மாதிரியே டீச்சர் தன் மகளையும் திட்டிவிட்டாள்! அன்றைக்கு அவளுக்கு அதைவிட நல்ல சொல் வேறு இல்லை.

வகுப்பு முடிந்தது. டீச்சர் தாழைக்கோழியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"குவளையம்மா. உங்க பொண்ணுக்காகச் சண்டை போட நீங்க இருந்தீங்க. அந்தக் குட்டையில இருக்கிற முக்குளிப்பானுக்கு யாருமில்லை."

"ஆமா டீச்சர். அதுக்கு அம்மா கூட இல்லை."

"ஒரு நடை போய் வருவோமா?"

எருமை தண்ணீரில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். திடீரென்று தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணைத் திறந்து பார்த்தாள். வலது கொம்பில் டீச்சர். அதே வலது கொம்பில் தாழைக்கோழி.

"ஏம்மா, அந்தக் கொம்பு காலியாத்தானே இருக்கு? கழுத்து வலிக்குது!"

"பரவாயில்லை, நட எருமையக்கா. கோரைக்குட்டைக்குப் போ!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

குழந்தைக்காகச் சண்டை போடும் பெரியவர்கள், தங்களுக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லி, அந்தக் குழந்தையையும் ஒரு வார்த்தை கேட்டால்தான் அதற்கு நல்ல வழி பிறக்கும்.