மொட்டைவால் குரங்கின் வைத்தியம்

தாமரைக் குளத்தில் தண்ணீர் குடிக்கப் போன புள்ளிமானின் காலை முதலை கவ்வியது. எப்படியோ உதறிக்கொண்டு தப்பி வந்தது மான். கரடி வைத்தியர் பச்சிலை அரைத்துக் கட்டினார். புண் ஆறியது. முதலையையும் யானைகள் சேர்ந்து விரட்டிவிட்டன. ஆனாலும் மான் குளத்துப் பக்கம் போக மறுத்தது!

புல்லில் இருக்கும் பனியை நக்கி எத்தனை நாள் உயிர் வாழ முடியும்? பாவம், அதன் விலா எலும்பு வெளியே தெரிந்தது.

"முதலைதான் போயிடுச்சே! தைரியமா குடிம்மா!" என்றார் கரடி.

"தெரியும் வைத்தியரே! கால்தான் நகர மாட்டேங்குது!" என்று அழுதது மான்.

கரடி என்னென்னவோ வேர்களை இடித்துக் கொடுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை. இந்த மான் செத்துப்போய்விடுமோ என்று அவருக்கே பயம் வந்துவிட்டது.

ஒரு நாள் காலை, அந்த மான் குளத்துக்குப் பாதி வழியில் நின்றது! பக்கத்தில் மொட்டைவால் குரங்கு. கரடிக்கு ஆவல் தாங்கவில்லை. என்ன மருந்து கொடுத்திருக்கும்? ஒரு புதருக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தார். அவருடைய உடம்புக்கு அந்தப் புதர் போதவில்லை. நல்லவேளை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பயமா இருக்கு அண்ணே!" என்றது மான்.

"எனக்கும்தான் தங்கச்சி! அந்த முதலை என் வாலைக் கடிச்சதுக்கப்புறம், குளத்துப் பக்கமே போகாம, மழைத் தண்ணிக்கு வாயைப் பொளந்துக்கிட்டே கிடந்தேன்!"

மான் சிரித்துவிட்டது. "இப்பவும் பயமா?"

"இப்பவும்தான்! அதான் துணை தேடுறேன். நான் குடிக்கும்போது நீ தண்ணியைப் பாரு. நீ குடிக்கும்போது நான் பார்க்கிறேன். வேணாம்னு தோணினா சொல்லு, திரும்பிடுவோம்."

இரண்டும் மெல்ல மெல்லக் கரைக்குப் போயின. குரங்கு அள்ளிக் குடித்தது. மான் கண் இமைக்காமல் காவல் காத்தது. பிறகு நடுங்கிக்கொண்டே தானும் குனிந்தது. குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது!

கரடி புதரை விட்டு ஓடி வந்தார். "என்ன மூலிகைப்பா அது?"

"மூலிகையா? என் வால் போன கதைதான்! நீங்க காலைச் சரி பண்ணலேன்னா இவ இவ்வளவு தூரம் நடந்திருப்பாளா?"

"அப்போ நாளையிலிருந்து என் குகையில வந்து உட்காரு! புண்ணை நான் பார்க்கிறேன், பயத்தை நீ பாரு!"

அடுத்து, கழுகின் பிடியிலிருந்து தப்பிய முயல் ஒன்று வளையை விட்டு வெளியே வர மறுத்தது. குரங்கு கிளம்புவதற்குள் வளை வாசலில் ஒரு குரல் கேட்டது. "எனக்கும் பயமா இருந்துச்சு, தம்பி!" அது மானின் குரல்.

புண்ணை மருந்து ஆற்றும். மனதில் தங்கிய பயம் ஆற, அதுபோன்ற பயத்தை அனுபவித்துத் தேறியவரின் துணையும் வேண்டும்.