ஒடியாத வெண்டைக்காய்

எங்கள் உழவர் சந்தையில் என்னைப் போன்ற ஏழை வயசாளிகளுக்கு வாரம் ஒரு காய்கறிச் சீட்டு கொடுத்தார்கள். சீட்டுக்காரர்களுக்கென்று மேற்பார்வையாளர் தனுஷ்கோடி தனிக் குவியல் போட்டு வைப்பார். சீட்டைக் கண்டதும் சுளிக்கும் அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பெரிய அதிகாரி பார்வையிட வந்த நாளில், சந்தை கூட்டும் மாடத்தியைத் தனுஷ்கோடி கூப்பிட்டார். "ஓசியில வாங்குறவங்களுக்கு வெண்டைக்காய் நுனியை ஒடிச்சுப் பார்க்கிற வேலை எதுக்கு? இன்னைக்கு ஒரு காய் ஒடிஞ்சிருந்தாலும் நீ வீட்டுக்குப் போயிரு."

"ஒண்ணுகூட ஒடியாதுங்கய்யா" என்றாள் மாடத்தி.

நாங்கள் நாற்பது பேர் வரிசையில் போய் வந்தோம். அவள் விளக்குமாறோடு குவியலருகே நின்றாள்.

அதிகாரி வந்து பார்த்தார். ஒரு காயும் ஒடிந்திருக்கவில்லை.

"நம்ம கண்டிப்பு அப்படிங்கய்யா!" என்று நெளிந்தார் தனுஷ்கோடி.

"எப்படிம்மா இவங்களைத் தடுத்தே?" என்று மாடத்தியிடம் கேட்டார் அதிகாரி.

"நான் எங்கய்யா தடுத்தேன்? எல்லாரும் ஒடிச்சுத்தான் பார்த்தாங்க. பிஞ்சுன்னா டக்குன்னு ஒடியும். இது மூணு நாள் காய், வளையுதே தவிர ஒடிய மாட்டேங்குது."

அதிகாரி ஒரு காயை எடுத்து வளைத்தார். நுனி காம்பைத் தொட்டது.

அடுத்த வாரம் தனிக் குவியல் இல்லை. நாங்களும் உழவர்களின் கூடையிலேயே பொறுக்கினோம். நான் வாங்கிய கால் கிலோவையும் தனுஷ்கோடியின் காதருகே நின்று, டக் டக்கென்று ஒவ்வொன்றாக ஒடித்தேன்.