பானட் ஓரம்

ஆறுச்சாமியின் விரல் ரேகைகள் தேய்ந்துபோயிருந்தன. ரேஷன் கடை மிஷின் அவர் கட்டைவிரலை ஏற்க மறுத்தது. துடைத்து வைத்துப் பார்த்தார். எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தார். கடைசியில் மனைவியை வரிசையில் நிறுத்திவிட்டு ஷெட்டுக்குக் கிளம்பினார்.

ஷெட் சிங்காநல்லூரைத் தாண்டி இருந்தது. பழைய கார்களுக்கு பெயிண்ட் அடிக்கும் இடம். நடத்துபவர் ஜெசிந்தா. ஆறுச்சாமியைவிட வயதில் மிகவும் இளையவர். வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு, ஐம்பது வயதுக்கு மேல், அவரிடம் தொழில் பழக வந்து சேர்ந்தார் ஆறுச்சாமி. அவர் இவரை அண்ணா என்பார். இவர் அவரை மாஸ்டர் என்பார்.

அப்போது ஷெட்டில் நின்றது ஒரு ஹெரால்ட் கார். இளநீலம்.

புது பெயிண்ட் காய்ந்ததும் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரிப்பொரியாக நிற்கும். வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்து அதைச் சமமாக்க வேண்டும். பிறகு பாலிஷ். ஹெரால்டுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம். ஆனால் வண்டி மட்டும் வீட்டுக்குப் போகவில்லை.

வண்டிக்காரர் விஸ்வேஸ்வரன், பம்ப் செட் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளநீலத்தைத் தேர்ந்தெடுத்தது அவர் மனைவி. வண்டியின் நசுங்கல் எடுக்கும் தகர வேலை நடந்துகொண்டிருந்தபோதே அந்த அம்மா காலமாகிவிட்டார். அதன் பிறகு அவர் தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஷெட்டுக்கு வந்துவிடுவார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு பானட்டின் மேல் உள்ளங்கையை ஓட்டுவார்.

"இங்க என்னமோ தட்டுது அம்மணி."

ஜெசிந்தாவும் தடவிப் பார்ப்பார். "எனக்கு ஒண்ணும் தெரியலீங்க சார்."

"எனக்குத் தெரியுதே."

மறுபடி வாட்டர் பேப்பர். மறுபடி பாலிஷ். மறுநாள் வேறொரு இடம் தட்டும்.

ஆறுச்சாமிக்கு முழங்கை வீங்கிவிட்டது. ராத்திரி எந்தப் பக்கம் படுத்தாலும் வலித்தது. காலையில் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கக்கூட மனைவியைக் கூப்பிட்டார். ஆனாலும் ஷெட்டில் யாரும் சொல்லாமலே பேப்பரை எடுத்து நனைத்தார். தேய்த்துக்கொண்டிருக்கும் வரை வேலையை யாரும் குறை சொல்ல முடியாது. கையை எடுத்தால்தான் பார்ப்பார்கள். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் விஸ்வேஸ்வரன் பானட்டின் முன் ஓரத்தில் விரலை நிறுத்தினார்.

"இதோ, இங்க."

"இதுக்கு மேல தேய்க்க அங்க பெயிண்ட் இல்லீங்க சார்" என்றார் ஜெசிந்தா. "ஓரம் எப்பவுமே மெலிசுதானுங்க."

"ஒரே ஒரு தடவை. நாளைக்கு வந்து பார்க்கறேன்."

அவர் போனதும் ஆறுச்சாமி கேட்டார். "மாஸ்டர், வழவழப்புன்னா எதுவரைக்குமுங்க?"

ஜெசிந்தா குழாயடிக்குப் போனார். வாளியில் தண்ணீர் பிடித்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

"வழியுற தண்ணியைப் பார்த்துட்டே தேய்ங்கண்ணா."

ஆறுச்சாமி மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்தார். தேய்த்தார். தண்ணீர் இளநீலமாக வழிந்தது. துடைத்தார். தடவினார். திருப்தி வரவில்லை. தேய்த்தார். கண் எரிந்தது, இமை கனத்தது. தண்ணீரைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார்.

கை தானாக நின்றபோது தண்ணீர் சாம்பலாக வழிந்துகொண்டிருந்தது.

துடைத்துப் பார்த்தார். ஓரத்தில் நீலம் இல்லை. அடியில் பூசிய சாம்பல் நிறப் பிரைமர் நகக்கண் அளவுக்கு வெளியே தெரிந்தது.

"மாஸ்டர்" என்றார்.

ஜெசிந்தா வந்து பார்த்தார். திட்டவில்லை. ஒரு பெருமூச்சு மட்டும் விட்டார்.

"அவர் வர்றதுக்குள்ள ஏதாச்சும் அடிச்சு மறைச்சுரலாமுங்களா?"

"வேண்டாம். கையைக் கழுவிட்டு உட்காருங்க. டீ வரட்டும்."

விஸ்வேஸ்வரன் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடினார். உள்ளங்கை பானட்டின் மேல் மெல்ல இறங்கி ஓரத்துக்கு வந்தது. அங்கே நின்றது. திரும்பப் போய்த் திரும்ப வந்தது. ஆறுச்சாமி தரையைப் பார்த்தபடி நின்றார்.

"இப்பத்தான் அம்மணி சரியா இருக்குது. ஒரு தட்டல்கூட இல்லை."

"கண்ணைத் திறங்க சார்."

அவர் திறந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நீலம் எங்க?"

"எல்லாம் தண்ணியோட போயிருச்சுங்க."

வெளியே ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. விஸ்வேஸ்வரன் பானட்டில் சாய்ந்து நின்றார். பிறகு மட்கார்டில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் கலர்தான் வேணும்னு அடம் பிடிச்சா" என்றார். "எனக்கு வெள்ளைதான் பிடிக்கும்."

ஜெசிந்தா டீயை அவர் கையில் கொடுத்தார். அவர் பாதி குடித்தார்.

"இந்த ஓரத்துக்கு மட்டும் நீலம் அடிக்க முடியுமா?"

"முடியுமுங்க. ஆனா புதுசும் பழசும் சேர்ற இடம் கைக்குத் தட்டும்."

"தட்டட்டும்" என்றார் அவர். "நாளன்னிக்கு வண்டியை எடுத்துக்கறேன்."

சொன்னபடியே வந்தார். இந்த முறை எதையும் தடவிப் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டில் கொஞ்சம் தூசி இருந்தது. அதைக் கையால் தட்டிவிட்டுத் தன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முதல் முறை வண்டி ஆஃப் ஆகிவிட்டது. மறுபடி கிளப்பி, மெதுவாகத் திருச்சி ரோட்டில் ஏறிப் போனார்.

வண்டி நின்ற இடத்தில் தரை நீலமாகவும் சாம்பலாகவும் காய்ந்துகிடந்தது. ஆறுச்சாமி துடைப்பத்தை எடுத்தார். இரண்டு முறை கூட்டிவிட்டு நின்றார்.

"அந்த ஓரம் போயிரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா மாஸ்டர்?"

"தெரியும்."

"எனக்குத் தெரியலீங்களே. அடுத்த வண்டியில கையை எப்ப எடுக்கணும்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

ஜெசிந்தா பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியின் மூக்கைத் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இந்த வண்டியில, வண்டிக்காகத் தேய்ச்சது எந்த நாள் வரைக்கும்ண்ணா?"

ஆறுச்சாமிக்கு அந்த நாள் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு தேய்த்ததெல்லாம் கையை எடுக்கப் பயந்துதான். அவர் மறுபடி கூட்டத் தொடங்கினார்.