பூவாத்தாளின் பிரிமணை

நெடுமரத்தூர்க் கோயில் மண்டபத்தில் அபிஷேகத்துக்குப் பால்குடம் தயாராக இருந்தது. குடம் வார்த்த கன்னாருக்கு மாலை போட்டாயிற்று, பால் கொடுத்த கோனாருக்கும் போட்டாயிற்று. குடத்துக்கு அடியில் வைக்கும் பிரிமணையை வைக்கோலில் முறுக்கிக் கொடுத்த பூவாத்தாளுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

"எனக்கு மாலை எங்கே சாமி?" என்று கேட்டாள்.

மணியக்காரர் சங்கரமூர்த்திக்கு மீசை துடித்தது. "அடியில கிடக்கிற வைக்கோலுக்கு மாலையா? குடமும் அதுவும் ஒண்ணுதான்னு வாயைத் திறக்காம நிரூபி பார்ப்போம். முடியலேன்னா இனிமே கோயில் பக்கமே வராதே!"

பூவாத்தாள் வாயைத் திறக்கவில்லை. நேரே போய்ப் பிரிமணையைப் பிடித்து இழுத்தாள். குடம் சாய்ந்தது. அபிஷேகப் பால் சிந்தினால் தன் தலை உருளும் என்று பதறிய மணியக்காரர், பாய்ந்து இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டார். அவள் பிரிமணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தூணோரம் போய் நின்றாள்.

அந்த நேரம் பார்த்து ஜமீன்தார் வந்து சேர்ந்தார். ஊரே கைகூப்பியது. மணியக்காரர் மட்டும் மரம் மாதிரி நின்றார்.

"என்னய்யா, ஒரு கும்பிடுகூடக் கிடையாதா?"

"கையில குடம் இருக்குங்க, மகாராஜா."

"கீழே வையுமேன்."

"அடி உருண்டையா இருக்கே... எதுமேல வைக்கிறது?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மண்டபம் கொல்லென்று சிரித்தது. குடத்தின் கனம் தாங்காமல், "தாயே, அந்தப் பிரிமணையைக் கொஞ்சம் வையேன்!" என்று கெஞ்சினார்.

பூவாத்தாள் அப்போதும் பேசவில்லை. மாலைத் தட்டைப் பார்த்தபடி கழுத்தை மட்டும் நீட்டினாள்.

ஜமீன்தாரே மாலையை எடுத்துப் போட்டார். அப்புறம்தான் குடம் கீழே இறங்கியது.